அட்ரியானோ வீணாய்ப் போனவரா?

கருங்கல் ஊர் நண்பர் ஒருவர் கேட்டது, 14 நவம்பர் 2024

"பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் அட்ரியானோ மாதிரி உடம்பும் இடதுகாலும் அமைந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அத்தனையையும் குடித்து அழித்தார். 27 வயதில் இத்தாலி வேண்டாம் என்று ஊருக்கு ஓடியவரை இன்னும் ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்? சோம்பேறித்தனம் தவிர வேறு காரணம் உண்டா?"

14 நவம்பர், இரவு

உண்டு. இன்று மீன்வலை வேலை முடியவே ராத்திரி ஆகிவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

15 நவம்பர்

2001 ஆகஸ்ட் 14. பெர்னபாவு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டுக்கும் இத்தாலியின் இன்டர் மிலானுக்கும் நட்பு ஆட்டம். பிரேசிலின் ஃப்ளமெங்கோ கிளப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்த 19 வயதுப் பையனைக் கடைசி நேரத்தில் இறக்குகிறார்கள். ஃப்ரீ கிக் கிடைக்கிறது. பெரிய பெரிய ஆட்கள் நிற்க, இந்தப் பையன் போய்ப் பந்தை வைக்கிறான். நீளமாக நாலு எட்டு ஓடி வந்து இடதுகாலால் ஓர் அடி. கால் பந்தில் படுவது தெரியும், வலை புடைப்பது தெரியும், நடுவில் பந்து போனது கண்ணுக்குத் தெரியாது. இன்டர் 2-1 என்று ஜெயித்தது. அதன் வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அப்புறம் இத்தாலியிலேயே பார்மா கிளப். லீக்கில் 37 ஆட்டம், 23 கோல். அந்தக் காலத்து இத்தாலி டிஃபென்ஸுக்கு எதிரே 20, 21 வயதில் இந்தக் கணக்கு சாதாரணம் இல்லை. 2004 ஜனவரியில் இன்டர் அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இத்தாலிக்காரர்கள் பேரரசன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊர் குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம். இங்கே பிள்ளைகள் பந்து விளையாடப் பழகுவது கடற்கரை மணலில். மணலில் பந்து உருளாது, ஊன்றிய கால் புதையும். காலைப் பின்னால் வீசி அடிக்க நேரம் கிடையாது, இடுப்பிலிருந்துதான் பலம் வர வேண்டும். வேலியிறக்க நேரம் கடல் உள்வாங்கி ஈர மணல் கெட்டிப்பட்டுக் கிடக்கும்போது இரண்டு பக்கமும் துடுப்பை நட்டு கோல் போடுவோம். அந்த மணலில் கால் படித்தவர்களுக்கு அட்ரியானோவின் அடி உடனே புரியும். அவரும் காலை அதிகம் ஓங்க மாட்டார். பந்து பக்கத்தில் இருக்கும்போதே அடித்துவிடுவார்.

2006, 2007 வாக்கில் மார்த்தாண்டத்தில் ஒரு கேம் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6 ஆடுவோம். அதில் அட்ரியானோவின் ஷாட் பவர் 99. பாதி மைதானத்திலிருந்து அடித்தாலும் கோல் ஆகும் என்று பந்தயம் கட்டுவோம். என் சித்தப்பா மகன் அப்போது 11 வயதுப் பையன், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பான். அவனுக்கும் இடதுகால். அன்றிலிருந்து அவனை ஊரில் அட்ரியானோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், இந்த விஷயத்துக்கு அவன் வேண்டியவன்.

16 நவம்பர்

2004 கோபா அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகளின் கோப்பை. ரொனால்டோ, ரொனால்டினோ இல்லாத பிரேசில். கோஸ்டாரிகாவுக்கு எதிராக 3, மெக்சிகோவுக்கு எதிராக 2, அரையிறுதியில் உருகுவேக்கு எதிராக 1. ஜூலை 25, லிமாவில் அர்ஜென்டினாவோடு இறுதி ஆட்டம். 2-1 என்று அர்ஜென்டினா முன்னால் நிற்கிறது, கடைசி நிமிடம். கூட்டத்துக்கு நடுவில் துள்ளி வந்த பந்தை எடுத்து, திரும்பி, இடதுகாலால் ஓர் அடி. 2-2. பெனால்டியில் பிரேசில் 4-2 என்று ஜெயித்தது. மொத்தம் 7 கோல், போட்டியிலேயே அதிகம். அப்போது அவருக்கு வயது 22.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்பா அல்மீர் மாரடைப்பில் இறந்தார் என்று போன் வருகிறது. இன்டர் கேப்டன் சனேட்டி பின்னாளில் சொன்னது: போனைத் தூக்கி எறிந்துவிட்டு அட்ரியானோ போட்ட அலறல் இன்னும் காதில் நிற்கிறது, அன்றிலிருந்து அவரைத் தம்பி மாதிரி பார்த்துக்கொள்வது என்று தானும் கிளப் உரிமையாளர் மொராட்டியும் முடிவு செய்தோம், அப்படியும் அவரை அந்த இருட்டிலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை, அதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தோல்வி.

அந்த அப்பா யார் என்றும் தெரிய வேண்டும். ரியோவில் விலா குருசேரோ என்னும் ஏழைக் குடியிருப்பு. அட்ரியானோவுக்கு 10 வயதாக இருக்கும்போது அங்கே ஒரு விசேஷத்தில் எங்கிருந்தோ வந்த குண்டு அப்பாவின் தலையில் பாய்ந்தது. எடுக்க முடியவில்லை. அந்தக் குண்டோடுதான் மனிதர் மீதி நாள் வாழ்ந்தார், வலிப்பு வரும். பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்தவர். அப்பா போனார், ஆட்டமும் போயிற்று. நண்பர் கேட்ட காரணம் இதுதான்.

16 நவம்பர், சாயங்காலம்

கடைசி நிமிடம் என்று மேலே பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அர்ஜென்டினாவின் இரண்டாவது கோல் 87வது நிமிடம், அட்ரியானோ அடித்தது 93வது நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் எங்கள் ஊர் அர்ஜென்டினாக்காரர்கள் வெடி வாங்கக் கடைக்கே போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது 2-2. அந்த வெடியை நாங்கள் கேட்டு வாங்கிப் போட்டோம்.

18 நவம்பர்

தக்கலை அண்ணாச்சி ஒருவர் என்னைப் பிடித்துவிட்டார். "அப்பா இறந்தது 2004 ஆகஸ்ட். 2004-05இல் அட்ரியானோ எத்தனை கோல் அடித்தார் என்று பார்த்தீரா?"

பார்த்தேன். எல்லாப் போட்டியும் சேர்த்து 28. லீக்கில் 16, சாம்பியன்ஸ் லீக்கில் 10. 2005 மார்ச்சில் போர்ட்டோவுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த ஜூன் மாதம் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு, இறுதியில் அர்ஜென்டினாவை 4-1 என்று தோற்கடித்தபோது இரண்டு, மொத்தம் 5 கோல். அதிக கோல் அடித்தவரும் அவர், சிறந்த ஆட்டக்காரரும் அவர்.

அப்படியானால் அப்பா போனார், ஆட்டமும் போயிற்று என்று நான் எழுதியது தப்பு. அப்பா போன வருடம்தான் அவர் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். இறக்கம் அதற்குப் பிறகுதான்: லீக் கோல் 16 என்பது 13 ஆகி, 2006-07இல் 5 ஆனது. சாவு ஓர் இடத்தில் நிற்கிறது, விழுந்தது வேறோர் இடத்தில் நிற்கிறது. இதை நான் யோசிக்காமல் எழுதினேன். அண்ணாச்சிக்கு நன்றி.

21 நவம்பர்

இத்தாலியில் ஒரு வானொலி நிகழ்ச்சி நேயர்களிடம் வாக்கு வாங்கி லீக்கின் மோசமான ஆட்டக்காரருக்குக் கேலி விருது ஒன்று கொடுத்துவந்தது. தங்கக் குப்பைத்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரியானோவுக்கு 2006, 2007, 2010 என்று மூன்று தடவை கொடுத்தார்கள். மன அழுத்தத்தில் கிடந்த ஒரு மனிதனுக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

நாமும் அப்படித்தான் பேசுகிறோம். உலகக் கோப்பை வந்தால் நீரோடியிலிருந்து குளச்சல் வரை பிரேசில், அர்ஜென்டினா பேனர். ஒரு ஆட்டத்தில் கோல் வராவிட்டால் அதே பேனரைப் பார்த்து வசவு. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அட்ரியானோ மாதிரி முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் இல்லை, ஓரத்தில் ஓடுகிற விங்கர், ஆனாலும் சொல்கிறேன். நம்ம கடற்கரையிலிருந்து போய் 2019-20இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் ஜெயித்தவர். அடுத்த சீசன், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸோடு முதல் ஆட்டம். கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசனே போயிற்று. அதைக்கூட "அவ்வளவுதான் போல" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். முழங்கால் ஜவ்வு கிழிந்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

30 நவம்பர்

இன்றைக்கு ஒக்கிப் புயல் அடித்த நாள். ஏழு வருடம் ஆகிவிட்டது. காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

2017இல் ஆழ்கடலில் சுறாவுக்குப் போயிருந்த படகுகளில் என் சித்தப்பாவின் படகும் ஒன்று. உடல் கிடைக்கவில்லை. பெட்டி இல்லாமல் அடக்கப் பூசை நடந்ததை எங்கள் கடற்கரையில் நிறையப் பேர் பார்த்திருக்கிறீர்கள், விவரிக்க வேண்டாம்.

அவர் மகனைப் பற்றித்தான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். சித்தப்பா கரையில் இருக்கும் நாளில் மகன் ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். கமுத்திப் போட்ட பழைய வள்ளம் ஒன்று மைதானத்தின் ஓரம் கிடக்கும், அதன்மேல் ஏறி உட்காருவார். கத்த மாட்டார், கை தட்ட மாட்டார். மகன் ஃப்ரீ கிக் எடுக்கும்போது மட்டும் பீடியை வாயிலிருந்து எடுப்பார். இவன் குதிகாலால் மணலை அமுக்கிச் சின்னதாகக் குழி பண்ணி, குழியின் விளிம்பில் பந்தை உட்கார வைப்பான். ஒரு தடவை வள்ளத்தைப் பார்ப்பான். அப்புறம் அடிப்பான். 2016இல் சென்னையில் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது.

ஒக்கிக்குப் பிறகு ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தான். 2018 ஜனவரியில் திரும்பிப் போனான். நாங்கள் எல்லோரும் இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். அந்த வருடம் போல அவன் என்றைக்கும் ஆடியதில்லை. கிளப்பிலும் கோல், பங்குத் திருவிழாப் போட்டிக்கு ஊருக்கு வந்தால் இங்கேயும் கோல். 2019இல் பயிற்சிக்குப் போகாமல் இருக்க ஆரம்பித்தான். ரயிலேறி வந்துவிடுவான், காரணம் சொல்ல மாட்டான். பயிற்சியாளர் இரண்டு தடவை மன்னித்தார், மூன்றாவது தடவை பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒழுக்கம் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் குடிகாரன் என்றார்கள். நானும் அவனை அறைந்திருக்கிறேன்.

அண்ணாச்சி சொன்ன 28 கோல் கணக்கைப் பார்த்த அன்று ராத்திரி எனக்கு இது எல்லாம் ஞாபகம் வந்தது. இன்றைக்குப் பூசை முடிந்து வெளியே வந்ததும் அவனிடமே கேட்டேன். லே மக்கா, அப்பா போன வருசம் அப்படி ஆடினியே, அப்புறம் என்னத்துக்கு விட்ட?

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்:

"முதல் வருசம் அப்பாவுக்குன்னு ஆடுனேன் அண்ணே. அப்ப அவரு எங்கயோ இருக்காருன்னுதான் இருந்துச்சு. உடம்பு கிடைக்கலேல்லா. அடுத்த வருசம் திருவிழா மேட்ச்ல ஃப்ரீ கிக் எடுக்கப் போறேன், வள்ளத்தப் பாத்தேன், ஆளில்ல. அன்னைக்குத்தான் செத்தாரு."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

2 டிசம்பர்

கருங்கல் நண்பர் எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார்: "உங்கள் தம்பிக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அப்பா இறந்தவர்கள் எல்லாரும் விட்டுவிட்டா போகிறார்கள்? அட்ரியானோ குடித்தது பொய்யா?"

பொய் இல்லை. குடித்தார், அவரே எழுதியிருக்கிறார். பயிற்சிக்கு வராமல் இருந்தார். 2008இல் உடம்பும் மனசும் தேற சாவோ பாவ்லோவுக்கு அனுப்பி வைத்தார்கள். 2009 பிப்ரவரியில் இன்டரும் ஏசி மிலானும் மோதும் மிலான் டெர்பியில் கோல் அடித்தார், பந்து கையில் பட்டது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டே மாதத்தில், தேசிய அணிக்கு ஆடப் பிரேசில் போனவர் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் முறிந்தது. கிளப் பக்கம் பார்த்தால் அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஒரு ஸ்ட்ரைக்கர் வராவிட்டால் மற்ற பத்துப் பேரும்தான் சுமக்க வேண்டும். நான் பின்னால் நின்று தடுக்கிற லெஃப்ட் பேக் ஆடியவன், எனக்கு அது தெரியும்.

ஆனால் சோம்பேறி என்ற வார்த்தைக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. ஊருக்கு ஓடிய அதே 2009இல் ஃப்ளமெங்கோவுக்கு ஆடினார். பிரேசில் லீக்கில் 19 கோல், அந்த வருடம் அதிகம் அடித்த இருவரில் ஒருவர். டிசம்பர் 6, மாரக்கானாவில் கிரெமியோவை 2-1 என்று தோற்கடித்து ஃப்ளமெங்கோ சாம்பியன் ஆனது, 1992க்குப் பிறகு முதல் தடவை. சோம்பேறி ஊருக்குப் போனாலும் சோம்பேறிதானே? மிலானில் ஓடாத கால் ரியோவில் எப்படி ஓடியது? அம்மா பக்கத்தில் இருந்தார், சின்ன வயதுக் கூட்டாளிகள் இருந்தார்கள். என் கண்ணுக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அங்கேயும் நிலைக்கவில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2010 உலகக் கோப்பைக்குப் பிரேசில் பயிற்சியாளர் துங்கா அவரை எடுக்கவில்லை. இத்தாலியின் ரோமா கிளப்புக்குப் போய் ஒரு கோல்கூட இல்லாமல் 2011 மார்ச்சில் வெளியே வந்தார். பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பில் சேர்ந்த அடுத்த மாதமே குதிகால் தசைநார் அறுந்தது. இங்கே எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. அந்த நவம்பரில் உடம்பு பெருத்து, பாதி ஓட்டம்கூட இல்லாத நிலையில், அட்லெட்டிகோ மினைரோவோடு ஆடிய ஆட்டத்தின் கடைசியில் இறங்கி இடதுகாலால் ஒரு கோல் அடித்தார். 2-1. இரண்டு வாரம் கழித்து கொரிந்தியன்ஸ் சாம்பியன், வாஸ்கோவைவிட இரண்டே புள்ளி அதிகம். அந்த ஒரு கோல் இல்லாவிட்டால் அந்த இரண்டு புள்ளி எங்கே? சாம்பியன் ஆன டிசம்பர் 4 அன்று காலையில்தான் அந்தக் கிளப்பின் பழைய கேப்டன் சாக்ரட்டீஸ் இறந்திருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் வலதுகை முஷ்டியை மடக்கி உயர்த்திக்கொண்டு வட்டமாக நின்றார்கள். தம்பி அந்தப் படத்தைச் செல்போனில் ரொம்ப நாள் வைத்திருந்தான்.

2 டிசம்பர், பிறகு

பிரேசிலுக்கு 48 ஆட்டம், 27 கோல். இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

16 டிசம்பர்

நேற்று மாரக்கானாவில் அட்ரியானோவுக்கு விடைகொடுக்கும் ஆட்டம். ஃப்ளமெங்கோ பழைய ஆட்கள் ஒரு பக்கம், இத்தாலியில் கூட ஆடியவர்கள் ஒரு பக்கம். உடம்பு கனத்துவிட்டது, வயது 42. திரையில் இறந்துபோன அப்பாவின் உருவத்தைக் கணினியில் உண்டாக்கி மகனிடம் பேசுவதுபோல் காட்டினார்கள். அட்ரியானோ தேம்பி அழுதார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனசோடு செய்திருப்பார்கள், ஆனாலும் சித்தப்பாவை அப்படித் திரையில் யாராவது எழுப்பிப் பேச வைத்தால் நான் தாங்க மாட்டேன். வீடியோவைத் தம்பிக்கு அனுப்பவில்லை. கொச்சியில் படகில் இருக்கிறான்.

25 டிசம்பர், அதிகாலை

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை.

போன மாதம் வந்த கட்டுரையில் அட்ரியானோ ஒரு கிறிஸ்துமஸைப் பற்றி எழுதியிருக்கிறார். மிலானுக்குப் போன புதிதில், கூட ஆடிய சீடோர்ஃப் வீட்டில் விருந்து. நல்ல மனிதர்கள், நல்ல சாப்பாடு. ஆனால் மனசு ரியோவில். சீக்கிரமே கிளம்பி அறைக்கு வந்து அம்மாவுக்குப் போன் போடுகிறார். அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம், சொந்தக்காரர்கள் சிரிக்கிற சத்தம். யார் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்றுகூடக் கண்ணில் தெரிகிறது. போனை வைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தனியாக அழுதுகொண்டே குடித்திருக்கிறார்.

இதைப் படித்ததும் நான் என் 2011க்குப் போய்விட்டேன். பஹ்ரைனில் படகு வேலை. ஓர் அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில். 24ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா பேசவில்லை, போனைக் கோயில் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழு பாடுகிறது. நடுவில் சித்தப்பா இருமுகிற சத்தம். பின்னால் பையன்கள் வெடி போடுகிறார்கள், தம்பியின் குரல் தனியாகக் கேட்கிறது. கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படுத்திருந்தேன். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அரபி கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

அட்ரியானோவுக்கு அப்போது 19 வயது. அப்பா உயிரோடு இருந்தார். அப்படியானால் அந்த ஓட்டை 2004இல் விழுந்ததில்லை, முதல் டிசம்பரிலேயே இருந்திருக்கிறது. நவம்பர் 16இல் ஒரு காரணம் எழுதினேன், 18இல் அதைத் திருத்தினேன், 30இல் தம்பி சொன்னது வேறு. இப்போது இது. நாலும் உண்மையாகத்தான் படுகிறது எனக்கு.

அதே கட்டுரையில், கால்பந்தின் மிகப் பெரிய வீணடிப்பு என்று உலகம் தன்னைச் சொல்வதாகவும், அந்த வார்த்தை தனக்குப் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லிக்கொள்ளட்டும். நாம் சொல்ல வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

26 டிசம்பர்

கருங்கல் நண்பர் இரண்டு வரி போட்டிருக்கிறார். அவர் அண்ணன் குவைத்தில் 14 வருடமாக இருக்கிறாராம். நேற்று போன் போட்டுப் பேசினாராம்.

3 ஜனவரி 2025

தம்பி புதுவருடத்துக்கு வந்தான். மாரக்கானா வீடியோவைக் காட்டவில்லை, லிமா கோலைக் காட்டினேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். "பந்து வாறதுக்கு முன்னாலயே இடுப்பத் திருப்பியாச்சு, பாத்தியாண்ணே. அதுதான் கோலு. அடிச்சது சும்மா." இருபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அவன் சொன்னது சரி.

இன்றைக்கு ராத்திரி கொச்சிக்குக் கிளம்புகிறான். காலையில் வேலியிறக்கம் நன்றாக இருந்தது. பிள்ளைகள் துடுப்பை நட்டுவிட்டு வந்து அவனைக் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினான். மூச்சு வாங்கியது, பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருந்தான். ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. குதிகாலால் மணலை அமுக்கிக் குழி பண்ணி, விளிம்பில் பந்தை வைத்தான்.

வள்ளத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.